குடிமல்லத்துக் கருவறைத் தரைக்குக் கீழே

திருப்பதி யாத்திரை போய்விட்டு வரும் நமது சங்க அன்பர்களிடம் எங்கெல்லாம் சேவித்தீர்கள் என்று கேட்டால், திருமலை, திருச்சானூர், கோவிந்தராஜர் சந்நிதி, கபில தீர்த்தம், காளஹஸ்தி என்று வரிசையாகச் சொல்வார்கள். சரித்திரத்தில் கொஞ்சம் ருசி உள்ளவர்கள் சந்திரகிரிக் கோட்டையையும் சேர்த்துக்கொள்வார்கள். குடிமல்லம் போனோம் என்று இதுவரை இரண்டே பேர்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் வழி தவறிப் போனவர்.

சந்திரகிரியைக் குறை சொல்லவில்லை. மலையடிவாரத்தில் பெரிய மதில், அதற்குள்ளே ராஜ மஹால், ராணி மஹால். சாளுவ நரசிம்மன் இருந்து ஆண்ட இடம். பிற்காலத்தில் விஜயநகர அரசர்களின் தலைநகராகவும் இருந்தது. 1639ல் கும்பெனியாருக்குச் சென்னைப்பட்டணத்தில் இடம் கிடைத்த கதையும் இந்த அரசோடு சம்பந்தப்பட்டது. ஆனால் மதிலுக்குள் நுழைந்தால் கண் தானாக மேலே போய்விடுகிறது. கோபுரம், மாடம், விதானம் என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். காலடியில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. ராஜ மஹாலில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் கண்டிக்கோட்டை, யாகண்டி ஊர்களின் சிலைகளோடு குடிமல்லத்திலிருந்து வந்தவையும் இருக்கின்றன. அந்தப் பெயரை அங்கே ஒரு சின்னப் பலகையில் படித்தபோதுதான், எங்கள் பெரியப்பா 1974ல் போட்ட கூச்சல் எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குடிமல்லம் ரேணிகுண்டாவிலிருந்து சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏர்ப்பேடு மண்டலம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்ததிலிருந்து அது திருப்பதி மாவட்டம். எங்கள் நகரி சித்தூரிலேயே நின்றுவிட்டது. நகரியில் ரயில் ஏறினால் ஏகாம்பரகுப்பம், புத்தூர் தாண்டி ரேணிகுண்டா. அங்கிருந்து ஆட்டோதான். வயல்கள், ஸ்வர்ணமுகி ஆற்றுப் பாங்கு, பிறகு ஒரு சாதாரண கிராமம். கோயிலும் தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். பெரிய ராஜகோபுரம் எல்லாம் கிடையாது. பின்புறமாகச் சுற்றி வந்தால்தான் விஷயம் தெரியும். விமானத்தின் பின்பக்கம் சதுரமாக இல்லாமல் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கிறது. கஜப்ருஷ்டம் என்று சாஸ்திரத்திலும், தூங்கானை மாடம் என்று தமிழிலும் சொல்வது இதைத்தான். நம் பக்கத்தில் இந்த அமைப்பு புதிதல்ல. திருத்தணியில் அபராஜித பல்லவன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் அப்படித்தான். திருவொற்றியூரிலும் பார்க்கலாம். தொண்டை மண்டலத்துக்கே இதில் ஒரு மோகம் இருந்திருக்கிறது.

ஸ்வாமியின் திருநாமம் பரசுராமேசுவரர். கர்ப்பக்ருஹம் வெளி மண்டபத்தைவிடத் தாழ்ந்து இருக்கிறது. குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். சுமார் ஐந்தடி உயரமுள்ள லிங்கம். கரும்பழுப்பு நிறத்தில் பளபளப்பான கல். நாம் பார்த்துப் பழகிய, ஆவுடையாரில் பொருந்திய பாணலிங்க வடிவம் இல்லை. அதன் முகப்பில் முழு உருவமாக சிவன் நிற்கிறார். இரண்டே கைகள். வலது கையில் ஓர் ஆட்டைப் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார். இடது கையில் ஒரு சிறு பாத்திரம். இடது தோளில் மழு. தலையில் சடையைச் சுற்றித் தலைப்பாகை போலக் கட்டியிருக்கிறது. காதில் குண்டலம், இடுப்பில் மெல்லிய வஸ்திரம். காலடியில் குனிந்து உட்கார்ந்து சுமக்கிறான் ஒரு குள்ள யக்ஷன். பிற்காலத்து நடராஜர் காலடியில் முயலகன் கிடப்பான்; இவனோ மிதிபடுகிறவனாகத் தெரியவில்லை, சிரித்த முகமாகத் தாங்குகிறான்.

இன்னொன்றும் உண்டு. மார்பில் பூணூல் இல்லை. நமது பத்திரிகையில் இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. நம்மில் பலர் ஆபஸ்தம்ப சூத்திரக்காரர்கள். அந்த தர்ம சூத்திரத்திலேயே எப்போதும் மேல்வஸ்திரம் தரிக்க வேண்டும், அல்லது அந்த ஸ்தானத்தில் நூல் மட்டுமாவது இருக்கலாம் என்றுதான் வருகிறது. அதாவது உபவீதம் என்பது முதலில் வஸ்திரத்தை அணியும் முறை. நூல் அதற்கு மாற்று. பழைய சிற்பங்களில் நூலைத் தேடுவது நம்முடைய பிற்காலப் பழக்கம். அதைவிட எனக்குப் பட்டது வேறு. தினமும் சொல்லும் ஸ்ரீருத்ரத்தில் அவரைச் சடைமுடியர், தலைப்பாகை அணிந்தவர், மலையில் திரிகிறவர் என்றெல்லாம் துதிக்கிறோம். தச்சர், குயவர், வேடர் எல்லோருமாக இருப்பவர் என்கிறோம். நாக்கு சொல்லும், மனசில் உருவம் வராது. குடிமல்லத்தில் அந்த உருவம் எதிரே நிற்கிறது. பக்கத்துக் காளத்தியில் கண்ணப்பர் இறைச்சி படைத்த கதைக்கும் இந்த ஆட்டுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அழகான முடிச்சு, ஆனால் அதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

இந்த லிங்கத்தை உலகம் அறியச் செய்தவர் து. அ. கோபிநாத ராவ். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தொல்லியல் துறைத் தலைவராக இருந்தவர். ஹிந்து விக்ரக அமைப்புகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் இரண்டாம் தொகுதி 1916ல் வந்தது. அதில் குடிமல்லத்தைப் பற்றி விரிவாக எழுதினார். சாஞ்சி, பார்ஹுத் யக்ஷ உருவங்களோடு ஒப்பிட்டு, கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று மதிப்பிட்டார். ஆனந்த குமாரஸ்வாமி கி.மு. 1 என்றார். இன்னும் பின்னால் தள்ளிக் கி.பி.யில் வைத்தவர்களும் உண்டு. எல்லாம் உருவத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு. வஸ்திரத்தின் மடிப்பு அங்கே மாதிரி இருக்கிறது, காது இங்கே மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் இல்லை என்பார். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் இந்த வாதத்துக்கு முடிவு கிடையாது.

சுவரைக் கேட்டால் வேறு பதில் வரும். கோயில் சுவர்களில் பல்லவர், பாணர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்குள்ள பாணர் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்டவர், நம் வடஆற்காடு ஜில்லாவிலேயே பிறந்த வி. வெங்கய்யா. அரசாங்கக் கல்வெட்டு அதிகாரியாக இருந்து 1912ல் காலமானவர். அந்தக் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் திருவிப்பிரம்பேடு. திருவேங்கடக் கோட்டத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயரில் விப்ரர் என்ற சொல் ஒளிந்திருக்கிறது, ஆகவே பிராமணர் ஊர் என்று சொல்லி மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம், நான் பந்தயம் கட்டமாட்டேன். இன்றைக்கு அந்தக் கிராமத்தில் வீட்டுப் பேச்சு தெலுங்கு, சுவர்ப் பேச்சு தமிழ். 1960 ஏப்ரலில் திருத்தணி மதராஸோடும் நகரி ஆந்திராவோடும் பிரிந்து நின்ற இந்த எல்லையில் வளர்ந்த என் போன்றவர்களுக்கு இதில் வியப்பு இல்லை. எங்கள் வீட்டிலேயே சமையலறை ஒரு பாஷை, கடைக்கணக்கு ஒரு பாஷை.

விக்ரம சோழன் காலத்தில், கி.பி. 1126ல், கோயிலைக் கல்லால் முழுக்கப் புதுப்பித்தார்கள் என்று ஒரு கல்வெட்டிலிருந்து தெரிகிறது. யார் முதலில் ஸ்தாபித்தார், எப்போது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆக சுவரின் ஞாபகம் பல்லவர் காலத்தோடு நின்றுபோகிறது. லிங்கமோ அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்ததாகத் தெரிகிறது. நடுவில் என்ன நடந்தது? அதைக் கேட்க ஒரே இடம்தான் பாக்கி. ஸ்வாமியின் காலடித் தரை.

கோயில் 1954லிருந்து மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1973ல் அத்துறையின் ஐ. கே. சர்மா அங்கே அகழாய்வைத் தொடங்கினார். கருவறைக்குள்ளேயே, லிங்கத்தைச் சுற்றித் தரையைப் பெயர்த்துத் தோண்டினார்கள்.

இங்கேதான் எங்கள் பெரியப்பா வருகிறார். ரேணிகுண்டா ரயில்வேயில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் ஒரு கல்யாணத்தில் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டார். பெரியப்பா பந்தியில் பாதியில் எழுந்திருக்காத குறை. "கர்ப்பக்ருஹத்துல அர்ச்சகரைத் தவிர ஒருத்தர் காலடி வைக்கப்படாது. அங்கே கடப்பாரையோட இறங்கியிருக்காளாம், கேட்டியாடா? பாலாலயம் பண்ணினாளா? கும்பத்துல ஆவாஹனம் பண்ணி எழுந்தருளப் பண்ணினாளா? ஒண்ணும் இருக்காது. மண்ணு வேணும்னா ஆத்தங்கரையில தோண்டட்டுமே, ஸ்வாமி காலடியிலயா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், ஏதோ நான்தான் தோண்டினவன் போல. நான் அப்போது காலேஜ் முடித்த பிள்ளை. அவர் எதிரே வாய் திறக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆற்றங்கரையில் ஏன் தோண்டக் கூடாது என்பது சரியான கேள்வி. அதற்கு பதில் தெரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

பதில் இதுதான். கல்லுக்கு வயது சொல்ல முடியாது. கரி, எலும்பு, மரம் என்று ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளானால் கரியமிலக் கணக்கு வைத்து வயது சொல்லலாம். பாறை உண்டாகி எத்தனையோ கோடி வருஷம். அதில் உளி எப்போது பட்டது என்பதைப் பாறை குறித்து வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அதை நட்ட குழியின் மண் குறித்து வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் தலைமுறைக்கு ஒரு தடவை தரை போடுகிறோம். பழைய சாணித் தரை மேல் சுண்ணாம்பு, அதன் மேல் சிமெண்டு, அதன் மேல் மொசைக். யாரும் கலைக்காத வரையில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. ஒவ்வொரு தரையிலும் அந்தந்தக் காலத்தவர் உடைத்த சட்டி ஓடு ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த அடுக்கின் மேல் பீடம் உட்கார்ந்திருக்கிறது, எந்த அடுக்கை வெட்டிக்கொண்டு அஸ்திவாரம் இறங்குகிறது என்று பார்த்தால் முன்பின் தெரிந்துவிடும். ஆற்றங்கரையில் தோண்டினால் ஆற்றங்கரையின் கதைதான் கிடைக்கும். லிங்கத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு லிங்கத்தின் அடியில் மட்டுமே இருக்கிறது.

சர்மா கண்டது என்ன? மிகவும் கீழே, முதல் நிலையில், கோயிலே இல்லை. வட்டமான பீடத்தின் மேல் லிங்கம். அதைச் சுற்றிச் சதுரமாக ஒரு கல்வேலி. கூரை இல்லை, சுவர் இல்லை. வெயிலும் மழையும் நேரே விழ, வெட்டவெளியில் ஸ்வாமி நின்றிருக்கிறார். சாஞ்சியிலும் அமராவதியிலும் ஸ்தூபத்தைச் சுற்றி இருப்பதைப் போன்ற கல்வேலி. அதைப் பௌத்தர் சமாசாரம் என்றே நாம் பழகிவிட்டோம். அந்தக் காலத்தில் புனிதமான எதைச் சுற்றியும் அப்படி வேலி போடுவது பொது வழக்கம் என்று தெரிகிறது. வடக்கே மதுராவில் கிடைத்த ஒரு பழைய புடைப்புச் சிற்பத்தில், மரத்தடியில் வேலியிட்ட மேடை மேல் லிங்கம் இருக்க, கந்தர்வர்கள் வணங்குகிறார்கள். சிற்பத்தில் செதுக்கியிருந்த காட்சியை இங்கே தரைக்குக் கீழே நிஜமாகவே பார்த்தார்கள்.

அதற்கு மேல் இரண்டாம் நிலை. லிங்கத்தைச் சுற்றிச் செங்கல்லால் ஒரு கோயில். பின்புறம் வளைந்த கோயில். செங்கற்கள் 42 சென்டிமீட்டர் நீளம், 21 அகலம், 6 கனம். இன்றைய செங்கல் ஒன்பது அங்குலம்தான்; அது கிட்டத்தட்ட பதினாறரை அங்குலம். சாதவாகனர் காலத்துக் கட்டடங்களில் காணும் அளவு. அதோடு கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகளும் வந்தன. பானையைக் கவிழ்த்துச் சூளையில் வைத்தால், காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவப்பாகவும் காற்றுப் படாத உட்பக்கம் கறுப்பாகவும் வேகும், அந்த வகை. ஓடுகளையும் செங்கல்லையும் வைத்து, முதல் நிலை கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டு என்று கணக்குப் போட்டார்கள். ஏறத்தாழ கோபிநாத ராவ் கண்ணால் பார்த்துச் சொன்ன காலமேதான். எல்லா அறிஞர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். காலத்தைப் பற்றிய வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் முதலில் வெட்டவெளி, பிறகு செங்கல், கடைசியில் கருங்கல் என்ற வரிசை மண்ணிலேயே எழுதியிருக்கிறது. சர்மா இதையெல்லாம் பின்னால் புத்தகமாகவும் எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த வளைவு. மேலே நிற்கும் கற்கோயில் ஏன் தூங்கானை மாடமாக இருக்கிறது? கீழே புதைந்த செங்கல் கோயில் அப்படி இருந்ததால்தான். எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பிறகு கல்லால் கட்ட வந்த ஸ்தபதி, ஸ்வாமியை நகர்த்தவில்லை, கருவறையின் வடிவத்தை மாற்றவில்லை. நாகார்ஜுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை, அணை நீரில் மூழ்குமுன் அகழ்ந்தபோது, இக்ஷ்வாகு காலத்துச் செங்கல் கோயில்களும் அங்கே வெளிப்பட்டன. பின்புறம் வளைந்தவை அவற்றிலும் உண்டு. குண்டூர்ப் பக்கத்துச் சேஜர்லா கபோதேசுவரர் இன்றும் அப்படியொரு செங்கல் கோயிலில் இருக்கிறார். கிருஷ்ணை நதிக்கரையிலிருந்து நம் திருவொற்றியூர்க் கடற்கரை வரை அந்த வளைவு ஒரே கோடாக வருகிறது. நடுவில் குடிமல்லம்.

கல்லுக்கு அடியில் செங்கல் என்பது குடிமல்லத்தோடு நிற்கவில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்து, கல்வெட்டு உள்ள பாறை ஒன்று வெளியே தெரிந்தது. 2005ல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது பல்லவர் காலத்து முருகன் கோயில் கிடைத்தது. அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். சங்க காலத்தது என்று சொல்கிறார்கள். வெளிநாட்டிலும் வழிபாட்டிலிருக்கும் இடத்தின் கீழே தோண்டியிருக்கிறார்கள். ரோமாபுரியில் புனித பீட்டர் ஆலயத்தின் பலிபீடத்துக்கு அடியில் 1940 முதல் போப்பாண்டவரின் அனுமதியோடு தோண்டினார்கள். பழைய ரோமானியர் இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. இங்கிலாந்தில் மதில் சூழ்ந்த பழைய நகரம் யார்க். அங்குள்ள பேராலயத்தின் நடுக்கோபுரம் விழும் நிலைக்கு வந்து, 1967ல் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தத் தோண்டியபோது ரோமானியப் படையின் தலைமைக் கட்டடம் அடியில் கிடந்தது. அங்கே பொறியாளர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் ஒரே குழியில் ஒன்றாக வேலை செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். திருப்பணியும் நடந்தது, ஆராய்ச்சியும் நடந்தது.

பெரியப்பாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஸ்வாமி காலடியில் தோண்டலாமா? ஆகமம் தெரிந்த ஒரு சிவாச்சாரியாரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "கோயில் கட்டறதே தோண்டறதுலதானே ஸார் ஆரம்பிக்கறது" என்றார். உண்மைதான். கர்ஷணம் என்று நிலத்தை உழுவதில் தொடங்கி, ப்ரதிஷ்டை வரை வரிசையாகச் சொல்லியிருக்கிறது. பூ பரீக்ஷை என்று ஒன்று; ஒரு முழக் குழி தோண்டி அதே மண்ணைத் திரும்ப இட்டு நிரப்ப வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்யமம், குறைந்தால் அந்த நிலம் ஆகாது. சல்யோத்தாரணம் என்று இன்னொன்று. பூமிக்குள் எலும்பு, கரி, ஓடு இருந்தால் பார்த்து எடுக்க வேண்டும். அகழாய்வுக்காரர் தேடுவதும் அதே எலும்பு, கரி, ஓடு! நம் முன்னோர் அகற்றச் சொன்னார்கள், இவர்கள் அளந்து எழுதி வைக்கிறார்கள். ஆனால் விதிப்படி ஸ்வாமியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றிவிட்டு அதன்பிறகே கருவறைத் தரையைத் தொட வேண்டும் என்ற பெரியப்பாவின் கட்சி அப்படியே நிற்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று யாரும் சொல்லவில்லை.

இனி என் கதை. 1994ல் எங்கள் பூர்வீக கிராமத்துச் சிவன் கோயிலில் திருப்பணி. நகரிக்குப் பக்கத்து ஊர்தான். பெயர் வேண்டாம், ஏனென்றால் குற்றம் ஊருடையதல்ல. கமிட்டியில் நான் பொருளாளர். சங்க அன்பர்கள் சிலரும் நன்கொடை கொடுத்திருந்தார்கள். பாலாலயம் முறைப்படி நடந்தது. பிறகு அர்த்த மண்டபத்துப் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு வழவழப்பான கிரானைட் போடுவது என்று தீர்மானம். அபிஷேக ஜலம் தேங்கி வழுக்குகிறது, வயசானவர்கள் விழுகிறார்கள் என்பது காரணம். தரையைப் பெயர்த்தபோது அடியில் செங்கல் வரிசை வந்தது. பெரிய கற்கள். கொத்தனார் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "பழங்காலத்து கல்லு சாமி, இப்ப எவன் இவ்ளோ பெருசு போடறான்" என்றார். இரண்டு கையாலும் ஏந்தித்தான் பிடிக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை உடைத்து ஜல்லியாக்கிப் புதுத் தரைக்கு அடியில் போட்டால் ஒரு லோடு மிச்சமாகும் என்றார். கணக்கு நோட்டைப் பார்த்தேன். சரி என்றேன்.

அளவு எடுக்கவில்லை. போட்டோ எடுக்கவில்லை. வரிசை நேராகப் போயிற்றா, பின்னால் வளைந்ததா என்று பார்க்கவில்லை. கும்பாபிஷேகம் விமரிசையாக நடந்தது. மலரில் என் படமும் வந்தது. நாலைந்து வருஷம் கழித்து, சந்திரகிரியில் அந்தப் பலகையைப் பார்த்து வந்த பிறகு, நூலகத்தில் குடிமல்லம் அகழாய்வு பற்றித் தேடிப் படித்தேன். 42, 21, 6 என்ற எண்களில் கண் நின்றுவிட்டது. கிராமத்துக்கு ஓடினேன். ஒரு முழுச் செங்கல்கூட இல்லை. அது சாதவாகனர் காலமா, பல்லவர் காலமா, பாளையக்காரர் போட்டதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எதுவாக இருந்திருந்தாலும் அந்த ஊர்க் கோயிலின் வயதைச் சொல்லும் ஒரே சாட்சியை நாங்கள் ஜல்லியாக்கி மேலே கிரானைட்டும் போட்டுவிட்டோம். பெரியப்பா அகழாய்வுக்காரரைத் திட்டினார். அவர்கள் ஒரு வேளை மரியாதைக் குறைவாக இறங்கியிருக்கலாம், ஆனால் கண்டதையெல்லாம் அளந்து, படம் போட்டு, புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். சகல மரியாதையோடும் பாலாலயம் செய்து இறங்கிய நான் எதையும் வைக்கவில்லை.

பூமிக்கடியில் பழம்பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லிருந்தே புதையல் சட்டம் இருக்கிறது. புதையல் என்றால் தங்கக் காசு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செங்கல்லைப் புதையல் என்று எந்தக் கமிட்டி நினைக்கும்?

சென்ற ஆண்டு மறுபடி குடிமல்லம் போய்வந்தேன். நான் முதலில் போனபோது விளக்குகூட ஏற்றாத கர்ப்பக்ருஹம். பல ஆண்டுகள் நித்திய பூஜை இல்லாமல் வெறும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தது. இப்போது பூஜை நடக்கிறது. குருக்கள் தீபாராதனை காட்டினார். அந்த வெளிச்சத்தில் யக்ஷனின் முகம்தான் முதலில் தெரிந்தது. லிங்கத்தின் பக்கத்தில் தரைக்குக் கீழே ஒரு சிறு நீர்த்தொட்டி இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து நீர் பொங்கி ஸ்வாமிக்கு அபிஷேகம் ஆகும் என்பது ஊர் நம்பிக்கை; 2005 டிசம்பரில் அப்படி வந்தது என்று சொல்கிறார்கள். ஸ்வர்ணமுகியின் ஊற்று என்றாலும் சரி, அவன் திருவிளையாடல் என்றாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. வெட்டவெளியில் மழையில் நின்று பழகினவருக்கு ஒரு நாள் அபிஷேகம் தானாக வந்தால் வேண்டாம் என்பாரா.

வருகிற தையில், புத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில் பாலாலயம். அதன் கமிட்டியில் நமது அங்கத்தினர்கள் இருவர் இருக்கிறார்கள். தரையைப் பெயர்க்கும் நாளை எனக்கு முன்னதாகத் தெரிவிப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தொல்லியல் துறைக்கும் தேவாதாய இலாகாவுக்கும் கடிதம் போட்டிருக்கிறோம். யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் இஞ்ச் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு அன்று காலை அங்கே இருப்பேன். கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன், எந்தக் கல்லையும் நான் அளக்காமல் உடைக்கக் கூடாது என்று. ஒரு லோடு ஜல்லிக்கு ஆகிற பணத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.